மாப்பிள்ளையின் சிவந்த காதுகள்

ஏற்காட்டில் ஆசியாவின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய மாமியார். அவர் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவராவது உப்பு கூட, புளி கம்மி என்று முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொள்வார். இன்னொருத்தி ஆயிஷா. அவள் சொன்னது உப்புப் புளி சமாச்சாரம் இல்லை. ஆசியா தன் மாப்பிள்ளைக்குச் சோற்றில் வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று சொன்னாள்.

ஆயிஷா, மாப்பிள்ளை ஜாபர் அலியின் அக்கா. அம்மா இறந்தபோது ஜாபருக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு. தம்பியை வளர்ப்பதற்காகத் தன் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டாள், இன்னொரு வருஷம் தள்ளிப் போட்டாள், கடைசியில் அது தள்ளியே போய்விட்டது. அப்படி வளர்த்த தம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த பரிதாவைக் கட்டிக்கொண்டான். பரிதா ஆசியாவுக்கு ஒரே பெண். அது வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை.

வில்லங்கம் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த முதல் வருஷம், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை மாமியார் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். ஆசியா ஆரம்பத்தில் ஆட்டுக்கறிதான் ஆக்கினாள். பிறகுதான் மாப்பிள்ளைக்கு மீன் என்றால் உயிர் என்று தெரிந்தது. பாவம், ஆயிஷாவுக்கு மீன் வாடை ஆகாது. அந்த வீட்டில் பருப்பு, கீரை, ராகிக் களி, மோர், ஞாயிற்றுக்கிழமை முட்டை, அவ்வளவுதான். இருபது வருஷமாக மீனுக்கு ஏங்கிக் கிடந்த பிள்ளைக்கு ஆசியா மீன்குழம்பு வைத்தால், அவன் தட்டை வழித்து விட்டுத் தலையை நிமிர்த்த அரை மணி நேரமாகும்.

தலையை நிமிர்த்தும்போதுதான் அது தெரியும். முதலில் காது சிவக்கும். ஜாபர் நல்ல சிவப்பு. அதனால் ஒளிக்க முடியாது. காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மார்பு என்று தடிப்புத் தடிப்பாக ஏறும். மூக்கில் தண்ணீர் கொட்டும், தலை விண்விண் என்று தெறிக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவான். சாயந்திரம் எல்லாம் வடிந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கடைக்குப் போய்விடுவான். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து விடுவான். அதுதான் ஆயிஷாவுக்கு நெருடிற்று. உடம்புக்குச் சேரவில்லை, ஆனாலும் அந்த வீட்டுக்கே ஓடுகிறான் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் தெருவே தலையை ஆட்டியது.

ஆசியா முதலில் சிரித்தாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு தன் புருஷன் ஷேக் தாவூதைப் போய்ப் பேசச் சொன்னாள். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி விற்கிற ஷேக் தாவூது வாயைத் திறப்பதே விலை சொல்லத்தான். அவர் போனார், டீ குடித்தார், திரும்பி வந்தார். ஆயிஷா சொல்லி அனுப்பிய செய்தியை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்தார். பரிதா ஐந்து மாசம். தலைப்பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை. இனி வெள்ளிக்கிழமைகளில் தம்பியும் அங்கே சாப்பிட வர மாட்டான். பிறக்கப் போகிற பிள்ளைக்கும் என்னத்தையாவது வைத்துவிட்டால் யார் பொறுப்பு என்று ஆயிஷா கேட்டாளாம்.

அன்றைக்குத்தான் ஆசியாவுக்குச் சிரிப்பும் சண்டையும் ஒருசேர நின்றன. கொல்லையில் போய் நின்று அழுதாள். பெற்ற பெண்ணுக்கு முதல் பிரசவம் தன் வீட்டில் இல்லை, அதுவும் தன் கைச்சோற்றின் மேல் பழி வந்து இல்லை என்று ஆனால், அப்புறம் அடுப்பு எதற்கு, கை எதற்கு என்று இருந்தது. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆயிஷாவை எப்படி மடக்குவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். அவளால் ஒரே காரியத்தில் ரொம்ப நேரம் இருக்க முடியாது.

அவள் யோசித்து முடிப்பதற்குள் ஆயிஷா முந்திக்கொண்டாள். கீழே சமவெளியிலிருந்து சித்தன் என்று ஒருவனை வரவழைத்தாள். வயிற்றில் வைத்த மருந்தை எடுப்பது அவன் தொழில். ஒரு பித்தளைக் குழாயைத் தொப்புளுக்கு மேலே வைத்து உறிஞ்சுவான். கன்னம் உப்பும். பிறகு வெற்றிலை மேல் எதையோ துப்புவான். கறுப்பாக, பிசுபிசுவென்று, சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை கிடக்கும். பள்ளிவாசலில் இதெல்லாம் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. காது கொடுத்துக் கேட்டவர்களும் சித்தன் வந்த அன்று ஆயிஷா வீட்டு வாசலில்தான் நின்றார்கள்.

அழைக்காமலே ஆசியாவும் போனாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கி முன்னால் உட்கார்ந்தாள். ஜாபர் சட்டையைத் தூக்கிக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்துகொண்டு படுத்திருந்தான். சித்தன் உறிஞ்சினான், துப்பினான், உருண்டை விழுந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. பரிதா கதவோரம் நின்று அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஆசியாவுக்கு அது சந்தேகத்தைவிட மோசமாக இருந்தது.

சித்தன் உறிஞ்சுவதற்கு முன்னால் வெற்றிலைப் பையில் கை விடுவதை ஆசியா பார்த்துவிட்டாள். அவன் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. உடனே எழுந்து, நல்ல காரியத்தைப் பாதியில் விடலாமா, அப்படியே ஆயிஷாவுக்கும் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றாள். ஆயிஷா தன் கையால் ஆக்கித் தின்கிறவள். அவள் வயிற்றிலிருந்தும் உருண்டை வந்தால் சித்தனின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது கணக்கு. ஆயிஷா வீம்புக்குச் சரி என்றாள். தொழில்காரன் வந்த கிராக்கியை விடுவானா? உறிஞ்சினான். உருண்டை விழுந்தது.

ஆசியா வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தாள். ஆனால் ஆயிஷா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு உங்க ஊட்டுலதானுங்க சாப்பிட்டேன்,” என்றாள். “அப்ப எனக்கும் வெச்சிருக்கீங்க.”

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அந்தக் கல்யாணத்தில் யார்தான் சாப்பிடவில்லை? கறிக்கடைக்காரர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தனக்கு ராத்திரியில் நெஞ்சு எரிகிறது என்றாள் ஒருத்தி. மூட்டு வலி என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. தலைச்சோலைக் கிராமத்திலிருந்து மிளகு கொண்டு வந்த இரண்டு பேர், எதற்கு என்று தெரியாமலே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். சித்தன் பொழுது சாயும் வரைக்கும் உறிஞ்சினான். வெற்றிலைப் பை காலியானதும், இன்றைக்கு நாள் சரியில்லை, மீதிப் பேருக்கு அடுத்த மாசம் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினான். வரிசையில் நின்றவர்களில் ஷேக் தாவூதும் ஒருவர். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் நின்றேன் என்று பிறகு சொன்னார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆசியா வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டிருந்த பாங்க் ஊழியர்கள் மறுநாளே நிறுத்திவிட்டார்கள். வயிறு சரியில்லை, மோர்சாதம் போதும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நிறுத்தாத ஒரே ஆள் டாக்டர் ஞானசுந்தரி. கடைவீதியில் சின்ன க்ளினிக் வைத்திருந்த முப்பது வயதுப் பெண். சமைக்கத் தெரியாது, கற்றுக்கொள்கிற உத்தேசமும் இல்லை. வசிய மருந்து போட்டிருந்தாலும் பரவாயில்லை, பொரியலைக் குறைத்துவிடாதீர்கள் என்றாள்.

ஒரு மாசம் இப்படிப் போனதும், ஆசியா தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். காது சிவப்பது, மூக்கு ஒழுகுவது, அரை மணிக்குள் வருவது, சாயந்திரத்துக்குள் போவது. அப்புறம், வெள்ளிக்கிழமை என்னதான் ஆக்குவீர்கள் என்று விசாரித்தாள். இதைக் கேட்டால் ஆசியாவுக்குத் துக்கமெல்லாம் மறந்துவிடும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸின் கூரையில் சேலத்திலிருந்து அயிலை மீன் கூடை வரும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் ஐஸ் எல்லாம் கரைந்து ஓடியிருக்கும். மத்தியானம் வாங்கி, சாயந்திரம் குழம்பு வைத்து, சட்டியோடு அப்படியே வைத்துவிடுவாள். மீன்குழம்பு மறுநாள்தானே ருசி. கூடவே எண்ணெய்க் கத்தரிக்காய், தக்காளித் தொக்கு, மூன்று வருஷத்து எலுமிச்சை ஊறுகாய். சாப்பிட்டு முடித்ததும் தோட்டத்து ஆரஞ்சு இரண்டு. அதற்கு மேல் கெட்டியாக ஒரு டீ.

டாக்டர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். விஷம் வைப்பவர்கள்கூட இவ்வளவு யோசித்து வைக்க மாட்டார்கள் என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். ஹிஸ்டமின் என்று ஒன்று நம் உடம்பிலேயே உண்டு. பூச்சி கடித்த இடம் தடித்து அரிக்கிறதே, அது அதன் வேலைதான். அதே ஹிஸ்டமின் சாப்பாட்டிலும் இருக்கிறது. அன்று பிடித்த மீனில் அனேகமாக இருக்காது. வெக்கையில் கிடக்கக் கிடக்க மீனில் சேரும், சேர்ந்த பிறகு எத்தனை கொதி கொதித்தாலும் போகாது. ஊறவைத்தது, புளித்தது, நாள்பட்டது எதிலும் அது கூடுதல். தக்காளியிலும் கத்தரிக்காயிலும் இருக்கிறது. ஆரஞ்சு, உடம்புக்குள் இருப்பதையும் கிளப்பிவிடும் என்கிறார்கள். சாப்பாட்டில் வருகிற ஹிஸ்டமினை உடைத்துத் தள்ள நம் குடலில் ஓர் என்சைம் உண்டு. உங்களுக்கும் எனக்கும் அது போதுமான அளவு இருக்கிறது. சிலருக்குக் குறைச்சல். டீ அதையும் மந்தமாக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

“அடிவாரத்துச் செக்போஸ்ட்டை நினைச்சுக்கங்கம்மா,” என்றாள். “நாலு பேர் டூட்டியில இருந்தா சந்தை நாள்லகூட லாரி நிக்காது. உங்க மாப்பிள்ளை வயித்துல இருக்கறது ஒரே ஆள். ஒண்ணு ரெண்டு லாரின்னா பார்த்து அனுப்பிடுவார். நீங்க வெள்ளிக்கிழமை ஒரே நேரத்துல பதினஞ்சு லாரியை ஏத்தி விடறீங்க. அவர் கேட்டைத் திறந்துவிட்டுட்டு ஓடிடறார்.”

அப்படியானால் அவனுக்கு மீனே ஆகாதா என்று ஆசியா கேட்டாள். அப்படி இல்லை என்றாள் டாக்டர். மீன் ஒவ்வாமை என்றால் துளி பட்டாலும் வரும். இது அளவைப் பொறுத்தது. புது மீனைக் கொஞ்சமாகத் தின்றால் ஒன்றும் வராமலே போகலாம். இதை நிச்சயப்படுத்த இங்கே பரிசோதனை எதுவும் இல்லை. கொஞ்ச நாள் பழையதை நிறுத்திப் பார்ப்பதும், திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும்தான் வழி. அதையும் தன் கண் முன்னால்தான் செய்ய வேண்டும், விளையாட்டாகச் செய்யக்கூடாது, மூச்சு இழுத்தால் ஆபத்து என்று அழுத்திச் சொன்னாள். தடிப்பு வந்தால் கொடுக்க நாலு மாத்திரையும் பொட்டலம் கட்டித் தந்தாள்.

ஆசியா அந்தப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக ஆயிஷா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றே செக்போஸ்ட், லாரி எல்லாவற்றையும் சொன்னாள். ஆயிஷா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டே கேட்டாள். உங்கள் கைச்சோற்றைத் தினமும் தின்கிற டாக்டரம்மா உங்களுக்காகப் பேசாமல் எனக்காகவா பேசுவார், அவருக்கும் வைத்திருப்பீர்கள் என்றாள். தம்பி இந்த ஒரு மாசமாகத் தன் சமையலைத் தின்று கல் மாதிரி இருக்கிறான், சித்தன் எடுத்ததில் எல்லாம் போய்விட்டது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டாள். ஆயிஷா சொன்னதில் பாதி உண்மை. அந்த வீட்டு ராகிக் களியில் ஹிஸ்டமின் ஏது, ருசிதான் ஏது என்று ஆசியா மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

இன்னும் ஒரு மாசம் போயிற்று. பரிதாவுக்கு ஏழு மாசம். கடைவீதியில் எதிரே வந்தால் அம்மாவும் பெண்ணும் காய்கறி விலையைப் பேசிக்கொண்டே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் ஆயிஷா தம்பிக்குக் குணமான சந்தோஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விருந்து வைக்கப் போவதாகச் சொன்னாள். சம்பந்தி வீட்டை விட்டுவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஆசியா வீட்டுக்கும் தானே வந்து சொன்னாள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் ஆசியாவின் மூளையில் சாத்தான் வந்து உட்கார்ந்தான். நல்ல சாமர்த்தியமான சாத்தான். நெய்ச்சோறா, ரொம்ப நல்லது என்று அவள் சொன்னாள். மாப்பிள்ளைக்கு மீன்தான் பிடிக்கும், ஆனால் அதற்கெல்லாம் ஒரு கை வேண்டும், எல்லோராலும் ஆகாது, நீ பாவம் எதற்குச் சிரமப்படுகிறாய் என்று இரக்கத்தோடு சொன்னாள். அந்த இரக்கம்தான் வேலை செய்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஆயிஷா சும்மா இருந்திருப்பாள்.

எனக்கு மீன் ஆக்கத் தெரியாதா என்றாள் ஆயிஷா. மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஆக்கத் தெரியும் என்றாள். வியாழக்கிழமை வாங்கி அன்றைக்கே வைத்துவிட்டால்தான் வெள்ளிக்கிழமை நன்றாக இருக்கும், இது உனக்குத் தெரிந்திருக்கும் என்று ஆசியா இழுத்தாள். தெரியாமல் என்ன என்றாள் ஆயிஷா. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் ஆயிஷா வீட்டுப் பக்கம் காற்று வாங்கப் போகிறவள் மாதிரி போய் ஆசியா மோப்பம் பிடித்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தக்காளி தூக்கலாகவே போட்டிருந்தாள். கடைவீதியில் ஊறுகாய்ப் பாட்டில் வாங்கினதாகவும் கேள்வி. அன்று ராத்திரி ஆசியா நன்றாகத் தூங்கினாள். நாளைக்கு ஊரறிய மாப்பிள்ளையின் காது சிவக்கும்போது ஆயிஷாவிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தாள். சித்தனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா கண்ணு? இதுதான் கேள்வி. படுக்கையில் அதை நாலைந்து தினுசாகச் சொல்லிப் பார்த்து, மெதுவாகச் சொல்வதே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்தார்கள். கூடத்தில் பாயும் விரிப்பும் போட்டு உட்கார்ந்தார்கள். சித்தனிடம் உருண்டை எடுத்துக்கொண்டவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். கறிக்கடைக்காரர் ஜாபருக்குப் பக்கத்தில். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். ஆசியா திரையை லேசாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காது நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன வார்த்தை ஒன்றும் அவளுக்கு மறக்கவில்லை. அதனால் மாத்திரையை முந்தானையில் முடிந்திருந்தாள். அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழம்பு வந்தது. ஜாபர் இரண்டு மாசமாக மீன் முகத்தைப் பார்க்காதவன். குழம்பின் வாசனையில் அவன் முகம் மலர்ந்தது, பச்சைப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பரிதா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு திரை ஓரமாக நின்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

ஆசியாவின் பார்வை காதை விட்டு அந்தச் சிரிப்புக்கு நகர்ந்தது. மூச்சு இழுத்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னாளே. இவன் யார்? தன் பெண்ணின் புருஷன். பிறக்கப் போகிற பிள்ளைக்கு அத்தா. தன் பழியைத் துடைப்பதற்கு இவன்தானா துணி கிடைத்தான்? வசிய மருந்து வைத்தாள் என்று ஊர் சொன்னது பொய். இப்போது செய்துகொண்டிருப்பது என்ன? தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த கணம் திரையை ஒதுக்கிவிட்டு ஆண்கள் பந்திக்குள் போய், மாப்பிள்ளையின் தட்டுக்கு மேல் கையை விரித்து மூடிவிட்டாள்.

“வேண்டாமுங்க மாப்பிள்ளை. இதைச் சாப்பிடாதீங்க.”

ஆசியா எல்லாவற்றையும் அங்கேயே சொன்னாள். நேற்றைய மீன், ஹிஸ்டமின், ஆயிஷாவைச் சீண்டிவிட்டது, காது சிவக்கட்டும் என்று காத்திருந்தது, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஷேக் தாவூது பந்தியின் கடைசியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். ஆயிஷா கையில் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. தான் ஆக்கியது தம்பிக்கு ஆகாது என்று சொன்னது மட்டும் ஏறிற்று.

“ஏனுங்க மாமி, இருபது வருசமா எங்கையால தின்னு வளந்தவன்,” என்றாள். “எஞ்சோறு அவனுக்கு ஆகாதுன்னு எங்க ஊட்டுலயே வந்து சொல்றீங்களா?”

ஆசியாவின் கையை விலக்கிவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி குழம்பை அவளே ஊற்றினாள். சாப்பிடு என்றாள். ஆசியா வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். மாமியாருக்கும் அக்காவுக்கும் நடுவில் அகப்பட்ட ஜாபர் இரண்டு பேரையும் பார்த்தான். அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்காகத்தான் அவன் கையை வைத்தான். ஆனால் நாலாவது கவளத்துக்கு மேல் தனக்காகவும் சாப்பிட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊறுகாயைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. பந்தி முழுக்க ஜாபரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. கறிக்கடைக்காரர் நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் வெளிச்சத்தை மறைக்காமல் நகர்ந்து உட்கார்ந்தார். ஆசியா ஷேக் தாவூதை டாக்டரைக் கூட்டி வரத் துரத்தினாள். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி ஆயிஷா நிமிர்ந்து நின்றாள். ஒரு கால் மணி நேரம் இருக்கும். இடது காதின் நுனியில் லேசாகச் சிவப்பு ஏறியது. கறிக்கடைக்காரர் ஆட்காட்டி விரலை நீட்டினார். வலது காதும் சிவந்தது. ஜாபர் கழுத்தைச் சொறிந்தான், மூக்கை உறிஞ்சினான். சட்டைப் பொத்தானை அவிழ்த்தபோது மார்பெல்லாம் தடிப்பாக இருந்தது.

ஆசியா முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பரிதா விசிறினாள். டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, நாடி பார்த்து, மூச்சு சீராக இருக்கிறது, பயம் இல்லை, சாயந்திரம் வடிந்துவிடும் என்றாள். சொல்லிவிட்டு, விளையாட வேண்டாம் என்று அவ்வளவு சொன்னேனே என்று ஆசியாவை முறைத்தாள். பந்தியில் மெதுவாக முணுமுணுப்பு கிளம்பியது. அக்கா ஆக்கிய சோறு, அதே காது, அதே சிவப்பு. அப்படியானால் இந்த வீட்டில் யார் வைத்தது என்று யாரோ கேட்டேவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் ஆயிஷா பக்கம் திரும்பியது.

ஆயிஷாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் ஆசியாவிடம் வந்து நின்றாள்.

“நான் ஒண்ணும் வெக்கலீங்க மாமி,” என்றாள். “சத்தியமா ஒண்ணும் வெக்கலீங்க.”

இதே வார்த்தையை இதே ஊரில் இரண்டு மாசமாகச் சொல்லிச் சொல்லி ஆசியாவின் நாக்குத் தேய்ந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வியும் வாய் வரைக்கும் வந்து நின்றது. மெதுவாகச் சொல்வதென்று முடிவு செய்த அதே கேள்வி. அதை அவள் விழுங்கினாள். விழுங்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

“தெரியும் கண்ணு,” என்றாள். “நீ வெக்கலை. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

ஆயிஷா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணம் தள்ளிப் போன வருஷங்களுக்கும் சேர்த்து அழுதாள். ஆசியா முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், பரிதாவை நாளைக்கே அனுப்பி வைக்கிறேன், உங்கள் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளட்டும் என்று ஆயிஷா விக்கலுக்கு நடுவே சொன்னாள்.

ஆசியாவின் கை அவள் முதுகிலேயே நின்றது.

“நாளைக்கு எதுக்கு கண்ணு?” என்றாள். “பொட்டியை இப்பவே கட்டச் சொல்லு.”